முப்பது ஊசிகளில் ஒன்று

மட்டக்களப்பு வெயிலில் கம்பளி விற்கிற மனுசி எனக்குத் தெரிந்து ஒருவர்தான். சித்தாண்டிப் பாலசுந்தரி. எனக்குப் பாலாக்கா. நான் கேதீசன், ஆட்டோ ஓட்டுகிறேன். நாலு வருசமாக அவருடைய பெட்டிகளை விழாவுக்கு விழா ஏற்றி இறக்குவது நான்தான். முதல் நாள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த வெக்கைக்குள்ள இத ஆருக்குக்கா விக்கப் போறீங்க?" என்று கேட்டேன். "உனக்கு விக்கல்லத்தானே, ஓட்டு" என்றார். அன்றிலிருந்து அவரிடம் வாய் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டேன். முழுக்க நிறுத்தவில்லை.

சைப்பிரசில் ஒன்பது வருசம் வீட்டுவேலை செய்தவர். அந்த வீட்டுக்கார அம்மா ஆட்டுக் கம்பளியைப் பஞ்சாகப் பிய்த்து உருட்டி, ஊசியால் குத்திக் குத்திப் பூனை, குருவி எல்லாம் செய்வாராம். தைக்கிற ஊசி இல்லை அது. நுனியில் கண்ணுக்குப் பிடிபடாத சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். ஒவ்வொரு குத்துக்கும் அந்த வெட்டுகள் மயிரை உள்ளே இழுத்துப் பின்னிவிடும். ஆயிரம் குத்துக் குத்தினால் பஞ்சு பந்துபோல இறுகும். பாலாக்கா பக்கத்தில் நின்று பார்த்தே பழகிக்கொண்டார். ஊருக்கு வந்த பிறகு மலைநாட்டுப் பண்ணையொன்றிலிருந்து கம்பளி எடுப்பித்து, சாயம் போட்டு, செய்து விற்றார். பிறகு கற்பிக்கவும் தொடங்கினார்.

அந்த ஊசி விறைப்பானது, அதனாலேயே லேசில் முறியும். நேரே குத்தி நேரே எடுக்க வேண்டும், கொஞ்சம் சரித்தாலும் நுனி உள்ளேயே போய்விடும். சைப்பிரஸ் வீட்டு நாய் ஒருநாள் ஒரு கம்பளிப் பூனையைக் கடித்து, நாக்கில் நுனி ஏறி, வைத்தியர் அதை எடுக்கும்வரை நாயின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது பாலாக்காதான். அந்தக் கதையை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வார். சொல்லிவிட்டு ஊசிகளை எண்ணிக் கொடுப்பார், எண்ணி வாங்குவார். பரீட்சை மண்டபத்தில் நிற்கிற மேற்பார்வையாளர்கூட அவ்வளவு கடுமையாகப் பார்க்கமாட்டார்.

இந்த முறை வாவிக்கரை மைதானத்தில் மூன்று நாள் நூற்கைப்பணி விழா. கைத்தறி, பன்புல்லில் இழைத்த பன்பாய், பின்னல், எங்கள் கம்பளி. இரண்டாம் நாள் காலை வகுப்பில் பதினாலு பேர். ஆளுக்கு இரண்டு ஊசி, பாலாக்காவுக்கு இரண்டு. பெட்டியில் இருந்த முப்பதும் வெளியே வந்தன. செய்ய வேண்டியது ஒரு சின்ன மீன்கொத்தி.

பந்தல் ஓரத்தில் யாரோ ஒரு தாயின் இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளையொன்று வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. பாலாக்கா செய்து காட்டி முடித்திருந்த மீன்கொத்தியை அதன் கையில் வைத்தார். அழுகை நின்றது. வகுப்பு நடந்தது.

பின்வரிசையில் விதுசா என்றொரு பிள்ளை, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறவள். அவள் ஊசியைச் சரித்துச் சரித்துக் குத்தினாள். பாலாக்கா மூன்று தரம் சத்தம் போட்டார். மூன்றாம் தரம் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முடிவில் நேரம் போய்விட்டது. அடுத்த வகுப்புக்காரர் வாசலில் நிற்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் வாங்காமல், ஒரு ஸ்பொஞ்சைக் கை மாற்றி அனுப்பி, "எல்லாரும் இதுல குத்துங்க" என்றார் பாலாக்கா. முதலில் தன்னுடைய இரண்டையும் குத்தினார். ஸ்பொஞ்சு திரும்பி வந்ததும் எண்ணினார். முப்பது சரி. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு போனார். ஒன்றுக்கு நுனி இல்லை.

"ஒருத்தரும் வெளிய போகாதீங்க" என்றார்.

நான் அப்போதுதான் தேத்தண்ணி கொண்டு வந்தேன். பதினாலு பேரும் குருவிகளை மேசையில் வைத்துவிட்டு நிற்கிறார்கள். பாலாக்கா ஒவ்வொன்றாக எடுத்து, தலையிலிருந்து வால்வரை பெருவிரலால் அமத்திப் பார்க்கிறார். நுனி இருந்தால் விரலில் குத்தும். வேறு வழி இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. கடைசியில் விதுசாவின் குருவியைக் கையில் எடுத்தார். அமத்தினார். குத்தவில்லை.

"உனக்கிட்டத்தான் முறிஞ்சிரிக்கு. சொல்லு புள்ள."

"நான் முறிக்கல்ல டீச்சர்."

"மூண்டு தரம் சொன்னனான். பயத்துல மறைக்கிற. ஒரு பிள்ளைட வாய்க்குள்ள போனா என்ன நடக்கும்?"

கத்திரிக்கோலை எடுத்துக் குருவியை வயிற்றோடு பிளந்தார். நீலப் பஞ்சு மேசையெல்லாம் விரிந்தது. ஒன்றும் இல்லை. விதுசாவின் முகம் சிவந்து, கண் நிறைந்து, ஆனாலும் அவள் அழவில்லை. எனக்கு அந்த இடத்தில் நிற்கவே பிடிக்கவில்லை. பாலாக்காவில் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அன்றைக்கு அவர் செய்தது அநியாயம். அதனால்தான் வாயைத் திறந்தேன்.

"உங்கட ஊசியும் இதுக்குள்ளதானேக்கா இரிக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் மேசையைப் பார்த்தார். செய்து காட்டிய மீன்கொத்தி அங்கே இல்லை, அழுத பிள்ளையோடு போயிருந்தது. கத்திரிக்கோல் கையிலிருந்து விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

பக்கத்துக் கடையில் பன்பாய் விற்கிற நுஸ்ராதான் சொன்னாள். "அந்தப் புள்ளைட உம்மாவா? என்னட்ட பாய் ஒண்டு எடுத்தா. ஊர் கிரானாம். வாழைச்சேன பஸ்ஸுக்கு எண்டு ஓடினா. கால் மணித்தியாலம் இரிக்கும்."

ஆட்டோவில் பாலாக்கா முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு வீதியையே பார்த்தார். நான் ஓட்டின ஓட்டத்துக்கு வேறு நாளென்றால் தலையில் குட்டியிருப்பார். தன்னாமுனை தாண்ட ஒரு பஸ் முன்னால் தெரிந்தது, அது திருகோணமலை போவது. ஏறாவூரில் சனம். ஹோர்ன் அடித்து அடித்து என் கை வலித்தது. "பிள்ளை வாயில வச்சிட்டே இரிந்திச்சி" என்று அவர் தனக்குள் சொன்னது ஒரு தரம் கேட்டது. எனக்கும் வீட்டில் ஒரு சின்னது இருக்கிறது. வேகத்தைக் கூட்டினேன்.

செங்கலடிச் சந்தியில் வாழைச்சேனை பஸ் ஆள் ஏற்ற நின்றது. நான் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினேன். சாரதி ஏசினார், ஏசட்டும்.

பின்னால் மூன்றாவது ஆசனம். தாய் யன்னலோரம். பிள்ளை மடியில் நித்திரை. மீன்கொத்தியின் தலை முழுக்க வாய்க்குள் இருந்தது. தாடை மெல்ல மெல்ல அசைந்தது.

நான் கத்தப் பார்த்தேன். பாலாக்கா என் வாயைப் பொத்தினார். திடுக்கிட்டு எழும்பினால் பிள்ளை கடித்துவிடும். அவர் ஆசனத்துக்குப் பக்கத்தில் குந்தினார். சுண்டுவிரலைப் பிள்ளையின் கடைவாயில் மெல்ல விட்டு, மற்றக் கையால் குருவியை நேராக, ஊசியை எடுப்பதுபோலவே, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தார். தாய் என்ன நடக்கிறதென்று தெரியாமல் பார்த்தாள். பஸ் முழுக்கப் பார்த்தது.

வெளியே வந்தது. அமத்தினார். தலையில் இல்லை. கழுத்தில் இல்லை. அப்படியென்றால் வாய்க்குள்ளா? வயிறு, முதுகு. இடது செட்டைக்கு அடியில் பெருவிரல் போனபோது அவர் கை உதறியது. நகத்தளவு கூட இல்லாத நுனி. விரலில் ரத்தம்.

பிள்ளை எழும்பி, குருவியைக் காணாமல் அழுதது. பாலாக்கா தாய்க்கு எல்லாவற்றையும் சொன்னார், தன் ஊசி என்பதையும் சேர்த்து. தாய் போனின் வெளிச்சத்தைப் பிடித்துப் பிள்ளையின் வாய் முழுக்கப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை.

"டீச்சர் எண்டுதானே உங்கள எல்லாரும் கூப்பிட்டாங்க, அத நம்பித்தானே பிள்ளைட கையில விட்டன்" என்றாள். அவ்வளவுதான். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். நாங்கள் இறங்கினோம்.

மைதானத்துக்குத் திரும்பும் வழியில் நான் ஒரு யோசனை சொன்னேன். நுனி கிடைத்துவிட்டது, பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை, இனி யார் ஊசியென்று ஊருக்குச் சொல்லத் தேவையில்லையே என்று. பாலாக்கா விரல் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல யோசனைதான் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

பந்தலில் மற்றவர்கள் போய்விட்டார்கள். விதுசா மட்டும் போகவில்லை. பிளந்த குருவியைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"பிள்ளைக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்டும் இல்ல. ஊசி என்டதான் மகள். என்னை மன்னிச்சிக்க."

விதுசா பிளந்த குருவியை மேசையில் வைத்தாள். "பதின்மூண்டு பேருக்கு முன்னால என்னைப் பிடிச்சீங்க. இப்ப எனக்கிட்ட மட்டும் சொல்றீங்க."

பாலாக்கா அப்படியே திரும்பி மேடைப் பக்கம் நடந்தார். விழாவை நடத்துகிற வினாயகமூர்த்தி ஐயா ஒலிவாங்கியைக் கொடுக்க மறுத்தார். "நாளைக்கும் விழா இரிக்கு, பயப்படுத்தாதீங்க" என்றார். பாலாக்கா கேட்டு நிற்கவில்லை, எடுத்தார். அவர் குரல் ஸ்பீக்கரில் வாவிக்கரை முழுக்கக் கேட்டது.

"நான் கம்பளிக்கடை பாலசுந்தரி. இண்டைக்கு வகுப்புல ஊசி முறிஞ்சது என்ட கையில. விதுசா எண்டுற பிள்ளை முறிச்சதெண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னன். அது பொய். நான் என்ட ஊசியப் பாக்கல்ல. என்னட்ட பொம்மை எடுத்த ஆக்கள் எல்லாரும் கொண்டு வாங்க. திரும்ப அமத்திப் பாத்துத் தாறன். வேணாமெண்டா காசத் தாறன்."

வந்தார்கள். நான் நினைத்ததைவிட அதிகம் பேர். கோபத்தோடு சிலர், வேடிக்கை பார்க்கச் சிலர், பிள்ளையின் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடி வந்தவர்கள் சிலர். கைத்தறிக்கடை தாண்டி வரிசை நின்றது. பாலாக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. யானை, முயல், மீன், ஒவ்வொன்றாக அமத்தினார். காலையில் குத்தின விரல் வீங்கியிருந்தது, அதே விரலால்தான் அமத்தினார். திருப்பிக் கொடுத்தவர்கள் ஏழு பேர். காசைக் கொடுத்தார், முகம் மட்டும் ஒவ்வொரு தரமும் சுருங்கியது.

விதுசா எழும்பிப் போவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் தன் கதிரையை இழுத்து மேசையின் மறுபக்கத்தில் போட்டு, வரிசையில் அடுத்து நின்றவரிடம் கையை நீட்டினாள். ஒரு கம்பளி முயலை வாங்கி, காதிலிருந்து அமத்தத் தொடங்கினாள்.

"விடு மகள், விரல்ல குத்தும்" என்றார் பாலாக்கா.

"குத்தினாத்தானே டீச்சர் தெரியும்" என்றாள் விதுசா.