நான்காவது தையல்

"மூச்ச உள்ள இழுக்காத பாப்பா. மேடையில ஆடுறப்போ மூச்சு வுட மாட்டியா?"

மூன்று குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே ஜெயபாரதி பேசுவாள். ஒன்றும் கீழே விழாது. அளவு நாடா சாருலதாவின் முதுகைச் சுற்றி வந்து நின்றது. பதின்மூன்று வயது. தை மாதம் அரங்கேற்றம்.

மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை. நாட்டிய உடை மட்டும்தான். அளவை எழுதி வைக்க மாட்டாள். "எழுதினா அது அப்பிடியே நின்னுடும். பொண்ணுங்க நிக்குதுங்களா?" ரவிக்கையின் உள்ளே துணி விட்டு மூன்று வரிசைத் தையல் போடுவாள். பெண் வளர வளர, வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவாள்.

ஆடியில் ஜெயபாரதியின் மார்பிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். அபூர்வமான வகை. போன வாரம் மரபணு அறிக்கை வந்தது. இருந்தால் நல்லது என்று தேடிய மாற்றம் அதில் இல்லை. இருக்கக் கூடாதது இருந்தது. டாக்டர் ஜஹனாரா சுற்றி வளைக்கவில்லை.

"இப்படி இருந்தவங்கள்ல பாதிப் பேருக்கு மூணு வருஷத்துக்குள்ள திரும்பி வந்திருக்கும்மா."

"எத்தினி பேர பாத்து சொல்றீங்கோ?"

"கொஞ்சம் பேர்தான். அறுபத்து மூணு."

"அறுபத்துமூவரா? வருஷா வருஷம் எங்க தெருவுலதான் பல்லக்குல வர்றாங்க. ஒருத்தர் மூஞ்சி மாதிரி இன்னொருத்தருக்கு கீதா?"

டாக்டர் சிரித்துவிட்டு, ஸ்கேனுக்குத் தேதி எழுதினார். திரும்பி வந்திருக்கிறதா என்று பார்க்க.

தெருவுக்கே இது தெரியும். சாருலதாவின் அம்மா விசாலாக்ஷிக்கும் தெரியும். பட்டில் விழுந்த சாக்பீஸ் கோடுகளை அவள் எண்ணினாள்.

"எப்பவும் மூணுதானே போடுவே? நாலாவது எதுக்கு?"

"மூணு வருஷம் போயி போட்டுக்க, மாமி."

"அப்போ யார் பிரிச்சுத் தரப்போறா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஜெயபாரதி குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"நான்தான். வேற எவளாவது கைய வெச்சான்னு தெரிஞ்சுது, வூடு தேடி வந்து ஒதைப்பேன்."

மறுநாள் ஒன்பதரைக்கு அடையாறில் ஸ்கேன். அவளுக்கு முன்னால் பதினாறு பேர். பையிலிருந்து ரவிக்கையை எடுத்தாள். மூன்று வரிசை மிஷினில் போட்டாகியிருந்தது. நான்காவதைக் கையால் போட ஆரம்பித்தாள். பதினொன்றேகாலுக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"இரும்மா, முடிச்சு போட்டுட்டு வர்றேன்."

போட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்தாள்.