சம்பூர்ணத்தின் காதுகுத்து

அம்மா போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் பொன்னுத்தாய் பொறுமைசாலி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் பொறுமைசாலி இல்லை, பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதம்தான் என் தங்கையைச் சங்கிலியிலிருந்து காப்பாற்றியது.

அது 1946. விக்கிரமங்கலத்தில் இருந்தோம். எனக்குப் பதினொரு வயது, சம்பூர்ணத்துக்கு ஏழு. யாராவது பின்னாலிருந்து தொட்டால் அவள் கடிப்பாள். மேளச் சத்தம் கேட்டால் தலையைச் சுவரில் மோதுவாள். சொல்லாமல் ஒரு பானையை இடம் மாற்றினால்கூட அரைநாள் கத்துவாள். இன்று டாக்டர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று ஊர் வைத்த பெயர் அடங்காப்பிடாரி. அம்மாவுக்கு வைத்த பெயர், பிள்ளை வளர்க்கத் தெரியாதவள்.

மூன்று வயதில் அவளுக்குக் காது குத்தப் பார்த்தார்கள். நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்ததில், மடியில் வைத்திருந்த தாய்மாமன் பஞ்சநாதனின் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள். காதுகுத்து பாதியில் நின்றது.

"ரெண்டு அடி சேத்துப் போட்டா அடங்கிடும். எங்கப்பன் என்னை அடிக்காத அடியா?" என்பார் பெரியப்பா அய்யம்பெருமாள்.

"அதான் இப்படி இருக்கீங்களா" என்று அம்மா எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுப்பாள்.

மாசி மாதம் பெரியப்பா முடிவாகச் சொன்னார். "பங்குனியில மறுபடி காது குத்துறோம். இந்தத் தடவையும் கடிச்சான்னா வண்டி கட்டிக் கோயில்ல கொண்டுபோய் விட்டுடுவோம். ஒரு மண்டலம் சங்கிலி போட்டு வெச்சா தெளிஞ்சு வருவா."

அப்பா அண்ணனை எதிர்த்துப் பேசாதவர், தலையைக் குனிந்துகொண்டார். அம்மா குனியவில்லை.

"அன்னிக்கு நான் சொல்றபடி நடக்கணும். அவ கடிக்கலேன்னா, அப்புறம் இந்த வூட்ல சங்கிலிப் பேச்சே வரக்கூடாது. சரிங்களா?"

"சரி. பாப்போம்" என்று சிரித்தார் பெரியப்பா.

சம்பூர்ணம் எப்போது அமைதியாகிறாள் என்பதை அம்மா கவனித்து வைத்திருந்தாள். விதைக்கடலை மூட்டைகளுக்கு நடுவே உடம்பை நெருக்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். அதனால் அம்மா ஒரு சின்னக் கோணிப்பையில் கடலை நிரப்பித் தைத்தாள். தினமும் காலைக் கஞ்சிக்குப் பிறகு அதை அவள் மடியில் வைத்து, முன்னால் வந்து உட்கார்ந்து, "இப்ப காதைத் தொடப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொட்டாள். முதல் நாள் கஞ்சிக் கிண்ணம் பறந்தது. பத்தாம் நாள் சம்பூர்ணம் தானாகவே மறு காதையும் திருப்பினாள். அதற்குப் பிறகு கிள்ளல், பிறகு மழுங்கிய முள். காது குத்தும் பத்தரை மூன்று முறை வரவழைத்துச் சும்மா அவள் எதிரே உட்கார வைத்தாள்.

"வேலை இல்லாம மோர் குடிக்கக் கூப்புடுற வூடு இது ஒண்ணுதாங்க" என்றார் பத்தர்.

காதுகுத்தன்று மாமா மீன்சுருட்டியிலிருந்து சீர்த்தட்டோடும் மேளத்தோடும் வந்து இறங்கினார். அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"மேளக்காரங்க முதல்ல சாப்புடட்டும் அண்ணே. வாசிக்க வேணாம். மடியிலயும் உக்கார வைக்க வேணாம்."

"அப்ப நான் எதுக்கு வந்தேன், தட்டு தூக்கவா? தாய்மாமன் மடியில்லாம எந்த ஊர்ல காது குத்துறாங்க?"

"பாத்தியா, ஆரம்பிச்சுட்டா" என்றார் பெரியப்பா.

"உன்னை வேணாங்கலண்ணே. புடிக்கிற கைதான் வேணாம். அவளுக்கு உன் முதுகைக் குடு."

மாமா முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சம்பூர்ணம் மடியில் கடலைப் பையோடு அவர் முதுகில் தன் முதுகைச் சாய்த்தாள்.

"சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்கார்ற தாய்மாமன் நான் ஒருத்தன்தாண்டி."

சிரிப்பு எழுந்தது. அம்மா கையை உயர்த்தினாள், அடங்கிவிட்டது.

பத்தர் முன்னால் வந்தார். "இப்ப குத்தப் போறாரு. வலிக்கும்" என்றாள் அம்மா. கம்பி இறங்கியது. சம்பூர்ணத்தின் விரல்கள் பையில் புதைந்தன. வாய் திறந்தது. எல்லோரும் அவள் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நீளமான சத்தம் வந்து நின்றது. அவள் அடுத்த காதைத் திருப்பிக் காட்டினாள்.

"என்ன ஆச்சு? கடிச்சுட்டாளா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார் மாமா.

"ரெண்டும் ஆச்சுண்ணே!" அம்மாவின் குரல் தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

மாமா எழுந்திருக்கவில்லை. அவள் சாய்ந்திருந்த வரைக்கும், கால் மரத்துப்போயும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டு வந்த மேளக்காரர் ஒருவர் குச்சியைக் கையில் எடுத்தார்.

"வாசிக்காதீங்கய்யா, புள்ள உக்காந்திருக்கில்ல!" என்று அதட்டியது பெரியப்பா.

சம்பூர்ணம் மாறிவிடவில்லை. மறுநாளே தண்ணீர்க்குடத்தை யாரோ நகர்த்தியதற்கு அரைநாள் கத்தினாள். ஆனால் வண்டி கட்டும் பேச்சு அதன்பின் எழவே இல்லை. அந்த ஆவணியில் ஏலாக்குறிச்சியிலிருந்து ஒரு பெண், இதேபோல் கத்தும் தன் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மாவைத் தேடி வந்தாள். வாசலிலேயே பெரியப்பா பிடித்துக்கொண்டார்.

"பின்னாலேருந்து தொடாதம்மா. முன்னாடி வந்து, சொல்லிட்டுத் தொடணும். அடிச்சா ஒண்ணும் ஆவாது, கேட்டுக்க."

ஏதோ தானே கண்டுபிடித்தது மாதிரிதான் சொன்னார். அம்மா அதைப் பெரிதுபடுத்தவில்லை. வந்தவளை உள்ளே கூப்பிட்டாள்.