மார்லிஸ் பேசிய ஸ்பானிஷ்

மினசோட்டாவின் வடக்கே எல்ம் கிரீக் என்கிற சின்ன ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவள் மார்லிஸ் எங்கெப்ரெட்சன். குரல் கொஞ்சம் பெரிது. பேருந்தின் கடைசி இருக்கையில் அடிதடி நடந்தால் எழுந்து போகமாட்டாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே அடக்கிவிடுவாள். கணவன் டுவேன் தானியக் கிடங்கில் வேலை பார்த்தான், பேச்சு குறைவு. ஒரே மகள் லினியா. அவள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள்.

லினியாவுக்குக் கிழக்குக் கரையில் ஒரு கல்லூரியின் மேல் ஆசை விழுந்துவிட்டது. நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேரைக்கூட எடுக்காத கல்லூரி அது. பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் பள்ளியின் ஸ்பானிஷ் ஆசிரியை கணவனுக்கு மாற்றலாகி டெக்சஸ் போய்விட்டாள். வேறு ஆள் கிடைக்கவில்லை. லினியா படித்திருந்தது இரண்டு வருட ஸ்பானிஷ்தான். கல்லூரியோ நான்கு வருடம் ஒரே மொழியைப் படித்தால் நல்லது என்று எழுதிவைத்திருந்தது.

நல்லது என்றால் என்ன அர்த்தம் என்று மார்லிஸ் நேராகத் தொலைபேசியில் கேட்டாள்.

"கட்டாயம் இல்லைங்க, பரிந்துரைதான்" என்றது மறுமுனையில் ஓர் இளங்குரல்.

"அப்ப ரெண்டு வருஷம் போதும்?"

"தாராளமா விண்ணப்பிக்கலாம். ஆனா நிறையப் பேர் நாலு வருஷத்தோட வர்றாங்க."

மார்லிஸ் போனை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "ரோட்டுல நாப்பதுல போனா நல்லதுன்னு போர்டு வச்சிருக்கான். அம்பதுல போனா போலீஸ் பிடிப்பானான்னு கேட்டா சிரிக்கிறான்."

"பிடிப்பான்" என்றான் டுவேன்.

பக்கத்து நகரத்துச் சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பு இருந்தது. பள்ளி மாணவர்களும் சேரலாம். அங்கே ஒரு பருவம் படித்தால் பள்ளியில் ஒரு வருடம் படித்த கணக்கு. லினியா சேர்ந்தாள். புதிதாக வாங்கிய ஓட்டுநர் உரிமத்தோடு தானே காரை எடுத்துக்கொண்டு போனாள். அக்டோபரில் ஒரு சாயங்காலம் குறுக்கே மான் பாய்ந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, காரின் முகம்தான் போயிற்று. மறு வாரத்திலிருந்து மார்லிஸ் ஓட்டினாள்.

வகுப்பு முடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்து கம்பளிக் காலுறை பின்னுவாள். குளிர் ஏறிய ஒரு நாள் ஆசிரியை மாக்தலேனா கிஸ்பே எட்டிப் பார்த்தாள். பெருவில் பிறந்து, பல் டாக்டர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இந்தப் பனிக்காட்டுக்கு வந்தவள்.

"இங்க உக்காந்தா விறைச்சுப்போவீங்க. உள்ள வாங்க. ஆனா என் வகுப்புல இங்கிலீஷ் கிடையாது, ஆமா."

"எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாதுங்களே."

"அப்ப இன்னிக்கு ஒரு வார்த்தை தெரிஞ்சுக்கிட்டுப் போங்க."

அப்படி உள்ளே போனவள் சும்மா இருக்கவில்லை. அதுதான் மார்லிஸ். தெரிந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு ஆறு கேள்வி கேட்டாள். தெரியாத இடத்தில் கையை ஆட்டினாள். பேருந்துக்கு வார்த்தை மறந்துவிட்டால் பேருந்து மாதிரியே உறுமினாள். ஒருநாள் ஆசிரியை நலம் விசாரித்தபோது, 'களைத்துப்போயிருக்கிறேன்' என்று சொல்ல நினைத்து 'கன்சாதா' என்பதற்குப் பதில் 'கசாதா' என்றுவிட்டாள். எனக்குக் கல்யாணமாகிவிட்டது என்று அர்த்தம்.

"பரவாயில்ல, பல வீட்டுல ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் மாக்தலேனா. வகுப்பே சிரித்தது. மார்லிஸ் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். லினியா மட்டும் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அவள் வெடித்தாள். "அம்மா, அது என் வகுப்பு. நீ வாயைத் திறக்காம இருக்கவே முடியாதா? மானமே போகுது."

வைப்பர் பனியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அடுத்த வகுப்புக்கு மார்லிஸ் மறுபடி வராந்தாவில் காலுறையோடு உட்கார்ந்தாள். ஆசிரியை கூப்பிட்டதற்கு, "இது இந்த வாரம் முடியணுங்க" என்று பின்னலைத் தூக்கிக் காட்டினாள். லினியா பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போனாள்.

நவம்பரில் ஒரு தேர்வின் மதிப்பெண் வந்தது. எழுத்தில் லினியாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. வினைச்சொல் எந்தக் காலத்தில் எப்படி மாறும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பேச்சில்தான் விழுந்திருந்தாள். எதிரே ஆள் உட்கார்ந்து கேள்வி கேட்டால், தப்பு வந்துவிடுமோ என்று வாக்கியத்தை மனசுக்குள்ளேயே திருத்திக்கொண்டிருப்பாள். நேரம் போய்விடும்.

"உன்கிட்ட மொழி இருக்கும்மா, பூட்டி வச்சிருக்கே" என்றாள் மாக்தலேனா. "யார்கிட்டயாவது பேசு. தப்பாப் பேசு."

யாரிடம் பேசுவது? எல்ம் கிரீக்கில் அவளுக்குத் தெரிந்து ஸ்பானிஷ் பேசுகிறவர் யாரும் இல்லை. காரில் பாதி வழி வந்த பிறகு லினியா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஸ்பானிஷில் கேட்டாள், "அம்மா, வெளியே என்ன தெரியுது?"

மார்லிஸ் உடனே திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள், "பனி."

"அப்புறம்?"

"நிறைய பனி."

லினியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தமக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள், காருக்குள் இங்கிலீஷ் கூடாது. மார்லிஸ் தாறுமாறாகப் பேசுவாள், லினியா திருத்துவாள். திருத்துவதற்கு வாயைத் திறந்துதானே ஆகவேண்டும்? பேருந்தில் யார் யாரை அடித்தான், கிடங்கு மேஸ்திரி டுவேனை என்ன சொன்னான், எல்லாம் அரைகுறை ஸ்பானிஷில் வந்தது. ஒருநாள் கல்லூரி வாசலில் கதவைத் திறந்துகொண்டு லினியா சொன்னாள்: "உள்ள வா. நீ இல்லாம வகுப்பு செத்துக்கிடக்கு."

"உன் மானம்?"

"போனது போச்சு. வா."

வசந்தத்தில் இரண்டாவது பருவமும் முடிந்தது. பேச்சுத் தேர்வில் லினியா ஓரிடத்தில் தடுமாறினாள், அப்படியே தாண்டிப் பேசினாள். நல்ல மதிப்பெண்தான். நான்கு வருடக் கணக்கு சரியாயிற்று.

அடுத்த ஆண்டு மார்ச்சில் அந்தக் கல்லூரி இல்லை என்று சொல்லிவிட்டது. காரணம் சொல்லவில்லை, அவர்கள் சொல்வதில்லை. லினியா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். டுவேன் அந்தக் கதவுவரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் வாசல் பனியைத் தள்ளினான். மார்லிஸுக்குத் தொலைபேசியை எடுத்துக் கத்தவேண்டும்போல இருந்தது. யாரிடம் கத்துவது? அடுப்பில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்துவிட்டு, வெந்ததும் தட்டைக் கொண்டுபோய் மகளின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

ஏப்ரலில் அயோவாவில் ஒரு நல்ல கல்லூரி வா என்றது. ஸ்பானிஷில் நேராக மேல் வகுப்பில் உட்கார வைத்தார்கள். மார்லிஸ் இங்கே மாக்தலேனாவின் வகுப்பில் முறையாகத் தன் பெயரிலேயே முதல் பருவத்தில் சேர்ந்தாள். இலக்கணம் அவளைப் படாதபாடு படுத்தியது. எழுத்துத் தேர்வில் தேறினாள் என்று மட்டும் சொல்லலாம்.

செப்டம்பர் கடைசியில் லினியாவிடமிருந்து போன். மார்லிஸ் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எடுத்ததும் ஸ்பானிஷ்.

"என்னடி ஆச்சு?" என்று இவளும் ஸ்பானிஷிலேயே கேட்டாள்.

"அறைத்தோழி பக்கத்திலேயே இருக்கா. அவ லத்தீன் படிச்சவ, இது புரியாது." குரல் உடைந்தது. "அம்மா, எனக்கு இங்க பிடிக்கல. எல்லாரும் என்னைவிடக் கெட்டிக்காரங்க. வீட்டுக்கு வரணும்போல இருக்கு."

மார்லிஸுக்கு அவ்வளவு பெரிய துக்கத்துக்கு வார்த்தை போதவில்லை. தெரிந்ததை எல்லாம் சொன்னாள். அழு என்றாள். சாப்பிட்டாயா என்றாள். நவம்பரில் நன்றி கூறும் நாள் விடுமுறைக்கு அப்பாவும் நானும் காரில் வந்து கூட்டிக்கொண்டு வருவோம் என்று சொல்ல முயன்று, காலம் தப்பி, 'நேற்று வந்தோம்' என்று சொல்லிவிட்டாள். மறுமுனையில் அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு கேட்டது.

"வருவோம், அம்மா. வந்தோம் இல்ல."

"ஆமா, வருவோம். வருவோம்."

ரொம்ப நேரம் பேசினார்கள். போனை வைத்தபோது டுவேன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினான்.

"என்ன சொல்றா?"

"சாப்பாடு நல்லா இல்லையாம்" என்றாள் மார்லிஸ்.

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

"அந்த மொழியில எல்லாமே நீளம்" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.