பூசணிக்குப் படுக்க எவ்வளவு இடம்?

ஐம்பதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்துப் பள்ளி ஒன்றில் நான் டிராயிங் மாஸ்டர். பள்ளிக்குப் பின்னால் ஒரு காலி மனை. அதில் காய்கறித் தோட்டம் போடவேண்டும் என்று ஐந்தாம் வகுப்பு டீச்சர் கேட்டார். வாலிபால் கோர்ட் வேண்டும் என்று பெரிய பையன்கள் கேட்டார்கள். "வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். பசங்க ஒழுங்காத் திட்டம் போட்டிருந்தா தோட்டம். இல்லேன்னா வாலிபால் நெட்டைக் கட்டிடுவேன்" என்றார் ஹெட்மாஸ்டர்.

எப்படிப்பட்ட தோட்டம் என்பதைப் பிள்ளைகளிடமே விட்டார் டீச்சர். "நம்ம ஊர் மாதிரி, டீச்சர்! சுத்திச் சுத்தி வீதி" என்றாள் ஒருத்தி. வெளி வீதியில் வெண்டை, அடுத்ததில் கத்தரி, அதற்கும் உள்ளே கீரை. நடுவில் எது என்றுதான் சண்டை. "பூசணிதான். பெருமாள் மாதிரி படுத்துண்டே இருக்கும்" என்றான் ஒருவன். நானாக இருந்தால் காதைத் திருகியிருப்பேன். டீச்சர், "சரி, படுக்க எவ்வளவு இடம் வேணும்?" என்று கேட்டார்.

வரைவது என் பொறுப்பு. கலர் பென்சிலில் சதுரத்துக்குள் சதுரமாக இழைத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு மாட்டலாம் என்று எனக்கே தோன்றியது. டீச்சரோ வெள்ளிக்கிழமை காலை அதைப் பார்த்து மனையில் கோலமாவால் கோடு போட்டு, பிள்ளைகளையே செடிகளாக நிறுத்தினார். விதைக்கு முன் ஒத்திகை! நெட்டைகள் வெண்டை, குட்டைகள் கத்தரி, உட்கார்ந்தவர்கள் கீரை. பூசணிக்கு ஆள் இல்லை. எல்லோரும் என் தொப்பையைப் பார்த்தார்கள். படுத்தேன்.

தண்ணீர் ஊற்றப் பூவாளியோடு வந்த சிறுமி வெளிக்கோட்டிலேயே நின்றுவிட்டாள். "எப்படி உள்ள வரது, சார்? வாசலே வைக்கலையே!"

கோபுர வாசல்களைத் தாண்டித் தாண்டியே தினமும் பள்ளிக்கு வருகிறவன் நான். ஒரு வாசல்கூட வரையவில்லை.

"அது கிடக்கட்டும். பூசணி வளருது" என்றார் டீச்சர். "கொடி ஓடுது, சார்." கையை நீட்டினேன். "இன்னும் ஓடுது." காலையும் நீட்டினேன். கீரைகள் கூச்சலிட்டு எழுந்தன. கத்தரி ஒன்று என் முழங்காலுக்கடியில் மாட்டிக்கொண்டு சிரித்தது.

அந்த நேரம் பார்த்து ஹெட்மாஸ்டர். "என்ன சார் இது?"

"சார் பூசணிக்கொடி, சார்" என்றது ஒரு கீரை.

அவர் சிரிக்கவில்லை. "இப்படிப் படர்ந்தா மத்தது பிழைக்குமா? இதுவா திட்டம்?"

டீச்சருக்குப் பதில் தெரியும். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தார். அந்த ஒரு மௌனத்துக்காக இன்றைக்கும் அவருக்குக் கும்பிடு போடுவேன். எனக்கு அது ஒருநாளும் வாய்த்ததில்லை.

பூவாளிக்காரி முன்னால் வந்தாள். "பிழைக்காது, சார். அதைத்தான் இப்போ கண்டுபிடிச்சோம். பூசணி வேலியோரம் போகுது. நாலு பக்கமும் வாசல். விதை போட்டப்புறம் மாத்த முடியாதே, அதான் முன்னாலயே பாத்துக்கறோம்."

ஹெட்மாஸ்டர் கோடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தூக்கிக்கொண்டு, காலால் கோலமாவை அழித்து ஒரு வாசல் வைத்தார். "இந்த அகலம் போதுமா பாருங்க. பூசணியைத் தூக்கிட்டுப் போங்க."

ஆளுக்கொரு கை, கால் என்று பிடித்தார்கள். வாசலோரம் நின்ற வெண்டையின் மேல் என் இடுப்பு இடித்தது.

"பத்தலை, சார்!" என்றாள் பூவாளிக்காரி.

அவர் இன்னும் கொஞ்சம் அழித்தார்.