மூணாவது கூப்பாடு

ராசிங்காபுரத்து லிங்கேஸ்வரன் லாத்வியாவுக்குப் படிக்கப் போனான். அந்த ஊர்க் குளிரில் ஒருவன் தும்மினால், அந்தத் தும்மல் அப்படியே உறைந்து நிற்கும். சித்திரை வெயில் வந்துதான் கீழே இறக்க வேண்டும். அதையும் தாங்கினான். ரத்தக் கலரில் ஒரு பீட்ரூட் ரசம் ஊற்றுவார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு அதையும் குடித்தான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்வதுதான் அவனுக்கு வரவில்லை.

அது அவன் அம்மா சுருளியம்மாள் வளர்த்த வளர்ப்பு. போடியிலிருந்து ஜீப்பேறி மலைக்குக் காய் எடுக்கப் போகிறவள். ஏலத்தோட்டத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் அடுத்த செடியில் நிற்பது ஆளா ஆனையா என்று தெரியாது. அதனால் அங்கே ஒரு கட்டு உண்டு. பேரைச் சொல்லி ஒரு குரல் வந்தால் வாயைத் திறக்கக் கூடாது. ரெண்டாவது வந்தாலும் கூடாது. மூணாவது தடவை கூப்பிட்டால்தான் "என்ன?" என்று கேட்க வேண்டும். ஏனென்றால் மலையில் கூப்பிடுவதெல்லாம் மனுசன் இல்லை. மனுசன் இல்லாததுக்கு மூணாவது கூப்பாடு வராது.

லாத்வியாவில் லேப் டீச்சர் இல்சே, தலை நிமிராமல் பேர் வாசிப்பார். "லிங்கேஸ்வரன்!" நம்ம ஆள் முன் வரிசையில் உதட்டைத் தைத்துக்கொண்டு மூணாவது கூப்பாட்டுக்குக் காத்திருப்பான். இல்சேவிடம் ரெண்டாவதே கிடையாது. ஆப்சென்ட்! இப்படியே போனால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

பயந்துபோய்ப் பழக ஆரம்பித்தான். கண்ணாடி முன்னால் நின்று தன்னையே கூப்பிட்டுக்கொண்டு, "எஸ், பிரசென்ட்!" என்பான். கடைசியில், இல்சே மூச்சை இழுப்பதற்குள் பதில் போய் நிற்கும். அத்தனை சுத்தமாகத் திருந்திவிட்டான்.

லீவுக்கு வந்தவன், அம்மாவோடு மலைக்குக் கிளம்பினான். ஜீப் ஓட்டுகிற சோலைமலை விடுவானா?

"என்ன மாப்ளே, சீமையில சோறு போடலையா? வேட்டியக் கொடியில காயப்போட்ட மாதிரி இருக்க! கண்ணாடிய ஏத்திவிடு, காத்துல பறந்துறப் போற!"

மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கியது. அம்மா பக்கத்துச் செடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது கீழே, பள்ளத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"லிங்கேசு!"

ஒரே தடவை.

"எஸ், பிரசென்ட்!" என்றான் லிங்கேஸ்வரன். வாய் முந்திக்கொண்டது.

பக்கத்தில் அம்மாவின் கை நின்றது.

"யாருக்குடா பதில் சொன்ன?"

"நீதான ஆத்தா கூப்பிட்ட?"

"நான் வாயவே தொறக்கலடா."

பள்ளத்திலிருந்து மறுபடி சத்தம் வந்தது. இந்தத் தடவை அம்மாவின் குரல் இல்லை, அவன் குரல். "எஸ்... பிரசென்ட்... எஸ்... பிரசென்ட்." எதிரொலி இல்லை. எதிரொலிக்கு இத்தனை நிதானம் கிடையாது. கண்ணாடி முன்னால் அவன் பழகிய மாதிரியே, யாரோ சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

இறங்கும்போது சோலைமலைகூடக் கேலி பேசவில்லை. அந்த வாயை ஏழு ஊர்ச் சம்பந்திகள் சேர்ந்தும் மூட முடிந்ததில்லை.

லீவு முடிந்து திரும்பியதும் முதல் வகுப்பு. "லிங்கேஸ்வரன்!" என்றார் இல்சே. அவன் வாயைத் திறக்குமுன் கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது.

"எஸ், பிரசென்ட்!"

அவன் குரலேதான். இல்சே தலை நிமிராமல் டிக் அடித்தார். லிங்கேஸ்வரன் திரும்பிப் பார்த்தான். ஜன்னலோர ஸ்டூல் காலியாக இருந்தது. பச்சை ஏலக்காய் வாசனை மட்டும் குப்பென்று வந்தது.

"மேடம், நான் இங்க இருக்கேன்" என்று எழுந்தான்.

"கேட்டுச்சு. ஒரு தடவை சொன்னாப் போதும்."

சரி, பேயே நமக்குப் பிராக்சி போடுகிறது, இந்தப் பாக்கியம் எவனுக்கு வாய்க்கும் என்று முதலில் சிரித்துக்கொண்டான். பிறகு ஒருநாள் காய்ச்சலில் எழவே முடியாமல் ரூமில் கிடந்தான். மறுநாள் போய்ப் பார்த்தால், அவன் வராத அன்றைக்கும் பிரசென்ட். பக்கத்து ஸ்டூல் பையன் கேட்டான்: "நேத்து ஏன் கடைசியில போய் உக்காந்த? உன் முதுகெல்லாம் ஏன் அப்படி நனைஞ்சிருந்துச்சு?"

முதலில் பதில் மட்டும் சொன்னது, நேற்று வந்து உட்கார்ந்தே விட்டது. இப்படியே போனால் லிங்கேஸ்வரன் யாருக்குத் தேவை?

அம்மாவுக்குப் போன் போட்டான். அவள் எடுத்ததும் பேசவில்லை. "லிங்கேசு" என்றாள். அவன் சும்மா இருந்தான். "லிங்கேசு." சும்மா இருந்தான். "லிங்கேசு!"

"என்ன ஆத்தா?"

"நீதானா அப்பு." அவள் மூச்சு விட்டது போனில் கேட்டது. நடந்ததைச் சொன்னான்.

"மொதக் கூப்பாட்ட நீயா தூக்கிக் குடுத்துட்ட. அத இனிப் புடுங்க முடியாது. ஆனா மூணாவது அதுக்கு வராது. அந்த டீச்சர்கிட்ட மூணாவதக் கேட்டு வாங்கிக்க. சங்கடப்படாத. வெரசாப் போ."

மறுநாள் பேர் வாசிக்குமுன் இல்சேவின் மேசைக்குப் போய் நின்றான். "மேடம், என் பேரை மூணு தடவை கூப்பிடுங்க. எங்க ஊர்ல அப்படித்தான். தலையை நிமித்திக் கூப்பிடுங்க."

இல்சே அவனை ஒரு தினுசாகப் பார்த்தார். பைத்தியத்துக்கு மருந்து கொடுப்பது போலக் கூப்பிட்டார். "லிங்கேஸ்வரன்."

"எஸ், பிரசென்ட்!" கடைசி வரிசை.

அவனோ அவர் எதிரிலேயே வாய் மூடி நிற்கிறான். இல்சேவின் பேனா நின்றது. ரெண்டாவது தடவை கூப்பிட்டபோது அவர் குரல் பிசிறியது. பதில் இல்லை. ஸ்டூல் ஒன்று தரையில் மெல்ல நகர்ந்தது.

"லிங்கேஸ்வரன்..."

"நான்தான் மேடம்" என்றான்.

இப்போது அந்த வகுப்பே அவனை மூணு தடவைதான் கூப்பிடுகிறது. கேன்டீனில், பஸ் ஸ்டாப்பில், எங்கேயும் அப்படித்தான். போடி மலைக் கட்டுக்கு லாத்வியாவையே நம்ம ஆள் மாற்றிவிட்டான். முதல் கூப்பாட்டுக்கு வருகிற பதிலை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஜன்னலோர ஸ்டூலில் யாரும் உட்காருவதும் இல்லை; அது எப்போது தொட்டாலும் ஈரமாகவே இருக்கிறது.