சாவிக்காரர் வீடு தேடிய கதை

அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இடுப்பு பெல்ட்டில் எந்நேரமும் ஒரு கொத்துச் சாவி தொங்கியதால் சாவிக்காரர். வாடகை வீடு பிடித்துக் கொடுப்பது தொழில். ஒரு வீடு முடிந்தால் குடிவருகிறவர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகத் தருவார், வீட்டுக்காரர் மனசு வைத்தால் அதில் பாதி. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் வேலை தலைக்கு மேல் இருக்கும். அப்புறம் மாதக்கணக்கில் போனே அடிக்காது. வெயிலில் அலைந்து வீடு வீடாகக் காட்டிய பிறகு, "வீட்ல கலந்துட்டுச் சொல்றேன்" என்று போகிற ஆசாமி, மறுநாளே வீட்டுக்காரரை நேரில் பிடித்து இவருக்குத் தெரியாமல் பேசி முடித்துவிடுவார். அப்படிக் கைநழுவிய வீடுகளைக் கடந்து போகும்போது, மாடியில் புதுத் திரைச்சீலை ஆடினால் தலையைக் குனிந்துகொண்டு வண்டியை விரட்டுவார்.

இந்த வருமானத்தை நம்பித்தான் ஒருத்தி அவருக்குக் கழுத்தை நீட்டினாள். சில வருஷம் பொறுத்தாள். ஒருநாள், "மாசம் பொறந்தா இவ்வளவு வரும்னு சொல்ல முடியாத மனுஷனை வெச்சுக்கிட்டு நான் எப்படிங்க உலை வைக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். சண்டை இல்லை, கோர்ட்டும் இல்லை. திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். பெண் மாமன் வீட்டிலேயே வளர்ந்து, கல்யாணமாகி, கடல் தாண்டிப் போய்விட்டாள். எப்போதாவது போன் செய்வாள். "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். "ஆச்சும்மா, நீ?" என்பார். அதற்குமேல் பேச இருவருக்கும் எதுவும் அகப்படாது.

மனைவி போன பிறகுதான் மாதச் சம்பளம் வந்தது. ஒரு வயதான டாக்டருக்குச் சொந்தமாக நாலு மாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. அதை மேற்பார்வை பார்க்கும் வேலை. வாடகை வசூலிப்பது, மோட்டார் போடுவது, லிஃப்ட் நின்றால் ஆளைக் கூப்பிடுவது. கொஞ்சம் சம்பளம், மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. வெளியே தரகு வேலையும் செய்துகொள்ளலாம். மாசம் பொறந்தால் இவ்வளவு என்று இப்போது அவரால் சொல்ல முடியும். கேட்கத்தான் ஆளில்லை.

எந்த வீட்டுக் குளியலறையில் குழாயை முழுக்கத் திருகக் கூடாது, எந்தச் சுவர் மழைக்கு ஊறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கதவுகள் அவருக்குத் திறந்தன, சமையலறை வரைக்கும், குளியலறை வரைக்கும். "சாவிக்காரரே, இன்னும் சொட்டுது பாருங்க" என்பார்கள். உட்காருங்கள் என்று சொன்னவர்களை அவர் ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடுவார்.

டாக்டர் காலமானார். பிள்ளைகள் கட்டடத்தை விற்றார்கள். வாங்கியவர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார். எல்லாரையும் காலி செய்யவைக்கும் பொறுப்பு சாவிக்காரர் தலையில் விழுந்தது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏற்ற மாதிரி வேறு வீடு பிடித்துக் கொடுத்தார். முட்டிவலிக்காரருக்குக் கீழ்த்தளம், பிள்ளைக்காரிக்குப் பள்ளி பக்கத்தில். அந்த வருஷம் போல அவர் என்றுமே சம்பாதித்ததில்லை. கட்டடம் காலியாகி, படிக்கட்டில் தன் செருப்புச் சத்தம் தனக்கே எதிரொலித்த ஒரு காலையில்தான், இன்னும் ஓர் ஆள் பாக்கி என்று அவருக்கு உறைத்தது.

அதுவும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. ஊரில் பாதி வீட்டுக்காரர்கள் அவருக்குப் பழக்கம். முதலில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாருக்குப் போன் செய்தார்.

"உங்களுக்கா? யாரோ பார்ட்டிக்குன்னு நெனச்சேன்" என்றார் வாத்தியார். "கூட யார் யாரு?"

"நான் மட்டும்தான் சார்."

"தப்பா எடுத்துக்காதீங்க. தனி ஆளுக்கு மட்டும் விட்டுடாதீங்க, பின்னாடி தொந்தரவுன்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?"

சொன்னதுதான். வாத்தியாருக்கு மட்டுமா சொன்னார்? அப்படிச் சொன்னால் வீட்டுக்காரர்களுக்கு இவர்மேல் ஒரு நம்பிக்கை பிறக்கும். அடுத்தடுத்துப் பேசிய எல்லாரும் அதே பாட்டைத்தான் பாடினார்கள். சிலர் நாசூக்காக, மகன் வருகிறான், வெள்ளையடிக்கப் போகிறோம் என்றார்கள். அந்தச் சாக்குகளையும் அவர்தான் ஒரு காலத்தில் எடுத்துக் கொடுத்திருந்தார்.

கடைசியில் மானத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இன்னொரு வீட்டுத் தரகரான ஸ்கூட்டர்க்காரியிடம் போனார். ஜெராக்ஸ் கடை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கையில் போன், இதுதான் அவள் ஆபீஸ். முப்பதைத் தாண்டியவள். இரண்டு வருஷமாக அவருடைய வீடுகளை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போனவள். இவரைக் கண்டதும் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் ஹெல்மெட்டை எடுத்தாள்.

"ஏறுங்க சார், பாத்துரலாம்."

முதல் வீட்டில் ஜன்னலைத் திறந்து, "காத்தோட்டம் பிரமாதம்" என்றாள் பழக்கதோஷத்தில்.

"ஜன்னலுக்கு நேரா பக்கத்து வீட்டுச் சுவர்தானே இருக்கு."

"சரி, நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"வெயிலே வராதுன்னு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்த வெறும் அறையில் தன் சிரிப்பு தனக்கே அந்நியமாகக் கேட்டது.

அந்த வீட்டுக்காரரும் கைவிரித்தார். இன்னும் சிலரும். பிறகு, தனியாக வாழும் ஓர் அம்மாளின் மாடிப் பகுதி. அந்த அம்மாள் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "ஒத்த ஆளா? சொந்தபந்தம் யாரும் இல்லையா?" என்று கேட்டார். சாவிக்காரர் வாயைத் திறப்பதற்குள் ஸ்கூட்டர்க்காரி முந்திக்கொண்டாள்.

"நான் இருக்கேனேம்மா. எங்க கூடப்பொறந்த அண்ணன். என் வீடு சின்னது, இல்லைன்னா நானே வெச்சுப்பேன்."

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை அவள். கதவு முழுக்கத் திறந்தது.

வெளியே வந்ததும், "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்றார்.

"உங்களுக்கு வீடு வேணுமா வேணாமா?" வண்டியைக் கிளப்பியபடி, "கமிஷன் முழுசாத் தந்துடுங்க அண்ணா, இதுல அண்ணன் தங்கச்சி எல்லாம் பாக்க முடியாது" என்றாள்.

அவர் குறைக்காமல் கொடுத்தார். குறைத்துக் கேட்டிருந்தால் தன் தொழிலைத் தானே அவமதித்தது போலாகியிருக்கும்.

மாடி வீடு நன்றாகவே இருந்தது. கீழே டி.வி. ஓடும் சத்தம் தரை வழியாக வரும். யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே அவருக்கு ஒரு துணையாக இருந்தது. ஆனால் வீட்டம்மா விடவில்லை. வாடகை கொடுக்கப் போனால், "தங்கச்சி இந்தப் பக்கமே காணோமே?" என்பார். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக, "உங்களுக்குள்ள ஏதாவது மனத்தாங்கலா?" சாவிக்காரர் மாடி ஏறியதும் ஸ்கூட்டர்க்காரிக்குப் போன் செய்தார்.

"ஒரு தடவை வந்து தலையைக் காட்டிட்டுப் போம்மா."

"இப்ப சீசன் அண்ணா, மூச்சு விட நேரமில்ல."

"கமிஷன் வாங்கினேல்ல? அதுல சேத்துக்கோ."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாள். அவர் காலையிலேயே வீட்டைக் கூட்டி, இரண்டாவது நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். கேட்டுக்கு வெளியிலிருந்தே தெருவுக்கே கேட்கும்படி "அண்ணா" என்று கூப்பிட்டாள். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். வீட்டம்மா வாசலில் நின்று திருப்தியோடு தலையாட்டினார்.

மேலே வந்து உட்கார்ந்த பிறகு எந்தத் தெருவில் எது காலி என்று பேசினார்கள். அவர் டீ போட்டுக் கொண்டுவந்தார். டம்ளரை வாங்கியவள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"என் புருஷன் வெளிநாட்டுல இருக்காருன்னு நான் இருக்கற வீட்ல சொல்லி வெச்சிருக்கேன் அண்ணா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் டீயை ஊதிக்கொண்டிருந்தாள். மேற்கொண்டு சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இந்தத் தொழிலில் கேட்காமலேயே புரிந்துகொள்ள வேண்டியது நிறைய.

"ரொம்பத் துருவிக் கேட்டாங்கன்னா சொல்லு. அண்ணன் வந்து பேசுவார்னு சொல்லு" என்றார்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். போன் அடித்தது. "சொல்லுங்க சார், இதோ அந்த ஏரியாலதான் இருக்கேன், பத்து நிமிஷம்" என்று எழுந்துவிட்டாள். படியில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்த்து, "டீ நல்லா இருந்துச்சு" என்றாள்.

அந்த வருஷம் இன்னும் ஒரு தடவை வந்தாள். பிறகு ஊரின் மறுகோடியில் புதுக் குடியிருப்புகள் வந்ததும் தொழிலை அங்கே மாற்றிக்கொண்டாள். அண்ணனை வரச்சொல்லி அவளிடமிருந்து போன் வரவேயில்லை. அவளை யாரும் துருவவில்லையோ, அல்லது வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்தாளோ. சாவிக்காரர் இரண்டொரு முறை அவள் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, என்ன காரணம் சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்து விட்டுவிட்டார்.

வீட்டம்மாவும் இப்போதெல்லாம் கேட்பதில்லை. வாடகையை நேரத்துக்குக் கொடுக்கிற மனிதருக்குத் தங்கை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர் வேலையை வைத்துக்கொள்வதில்லை. கீழே டி.வி. ஓடுகிறதா என்று காது கொடுத்தபடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார்.