கொடுத்த கோல்

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பேட்டை, அந்தப் பக்கம் தோப்பு, நடுவில் ஒரு பாலம். நான் பேட்டையில் பிறந்து தோப்பில் வாக்கப்பட்டவள். இரண்டு பக்கத்து ஆண்களோடும் குப்பை கொட்டிய உரிமையில் சொல்கிறேன், ஃபுட்பால் என்று வந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு மோசம்.

வெளியூரிலிருந்து புதுச்சேரிக்கு வருகிறவர்கள் மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் எங்கள் பக்கம் வருவதில்லை, வந்தாலும் பார்க்க ஒன்றுமில்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இங்கே மில் இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த ஆண்கள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் மைதானத்துக்கு ஓடினார்கள். வீட்டில் அடுப்பு எரிகிறதா, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று எட்டிப் பார்க்கமாட்டார்கள். பேட்டை கிளப்புக்கு மஞ்சள் பனியன், தோப்பு கிளப்புக்குப் பச்சை. மேட்ச் இருக்கும் வாரத்தில் பேட்டைப் பெண் ஒருத்தி பச்சைச் சேலை கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட முடியாது. என் அம்மா ஒரு தடவை மறந்துபோய்ப் பச்சை ரவிக்கை போட்டுக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய், குடத்தோடு திருப்பி அனுப்பப்பட்டாள்.

ஜெயித்த கிளப் மேளத்தோடு பாலத்தைத் தாண்டி, தோற்றவர்களின் தெருவுக்குள் ஊர்வலமாகப் போகும். யாரால் தோற்றார்கள் என்று நினைக்கிறார்களோ அவன் வீட்டுக் கதவில் ஒரு ஜோடி கண்ணாடி வளையலைக் கட்டிவிட்டுத் திரும்பும். அதுதான் வழக்கம். பாத்திரம் தேய்க்கும் எங்கள் கையில் கிடக்கும் அதே வளையல்தான். நாங்கள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று அதைப் பார்ப்போம். தோற்றவனைத் திட்டுவதற்கு எங்களை விட்டால் இவர்களுக்கு வேறு எதுவும் கிடைத்ததில்லை. எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வரும்.

என் அண்ணன் பேட்டையின் கோல்கீப்பர். ஊர் வாயில் 'கோலி'. பேட்டையில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீக்கடையிலும் மில் வாசலிலும் அவன் கோலிதான். பார்க்க ஒல்லியாக, கை மட்டும் நீளமாக இருப்பான். அவன் கைக்கு எட்டும் பந்து உள்ளே போகாது என்று தோப்புக்காரர்களே ஒத்துக்கொள்வார்கள். அவனுக்கும் அந்தத் திமிர் உண்டு. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்பதைக்கூட அம்மா பயந்து பயந்துதான் சொல்வாள்.

என்னை எதிர்க் கிளப்பின் ஃபார்வர்டுக்குக் கட்டிக்கொடுத்தது என் அப்பாவின் வேலை. அப்பாவும் மாமனாரும் மில்லில் ஒரே ஷிப்ட். பேட்டையில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு வரவில்லை. வந்தவர்களும் பந்தியில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதை உடைக்க என் அண்ணன்தான் மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டுச் சத்தமாகச் சொன்னான்.

"மச்சான், பொண்ணதான் குடுத்திருக்கோம். கோல் குடுக்க மாட்டோம்."

பந்தியே சிரித்தது. நானும் தலை குனிந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் வாயில் கசப்பு ஊறுகிறது.

ஆறு மாதம்கூட ஆகவில்லை, இரண்டு கிளப்பும் ஃபைனலில் மோதின. மைதானத்துக்குப் பெண்கள் போகும் பழக்கம் இல்லை. ஆனால் அந்த கோலை நான் கேட்ட அளவுக்கு யாரும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். கடைசி நேரத்தில் தோப்புக்கு ஒரு கார்னர். பந்து மெதுவாக வளைந்து வந்தது. அண்ணன் முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்தான். என் வீட்டுக்காரர் அவனுக்கு முன்னால் துள்ளினார், தலை பட்டது, பந்து அண்ணனின் விரித்த கைகளுக்குப் பக்கத்தில் சாவகாசமாக வலைக்குள் போய் விழுந்தது. குழந்தைகூடப் பிடித்திருக்கும் பந்து என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ரெஃப்ரி ஒரு சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். வாக்குவாதத்துக்கு வந்தவர்களை "ஃபினி, ஃபினி", முடிந்தது போங்கள் என்று கையை வீசி விரட்டிவிட்டு விசிலை ஊதினார்.

பேட்டைக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. கல்யாணப் பந்தலில் அவனே எடுத்துக் கொடுத்திருந்தான்.

"பொண்ணோட சேத்து கோலயும் குடுத்துட்டான்டா."

அன்று மாலை தோப்பின் மேளம் பாலத்தைத் தாண்டிப் போவதை நான் மாமியார் வீட்டுச் சமையலறையில் நின்று கேட்டேன். எந்தத் தெருவில் திரும்புகிறது, எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும். நான் பிறந்த வீட்டுக் கதவில் வளையல் கட்டினார்கள். கட்டும்போது என் வீட்டுக்காரர் நான்கு பேர் தோளில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து சாப்பாடு கேட்டார். போட்டேன்.

பேட்டை என் அண்ணனைக் கிளப்பை விட்டுத் துரத்தியது. அவனுடைய மஞ்சள் பனியனைச் செருப்போடு கட்டி விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டது. மில்லில் அவனோடு டீ குடிக்க ஆள் இல்லை. கோலி என்று கூப்பிட்ட வாய்கள் 'வித்தவன்' என்று கூப்பிட்டன. கூடவே வளர்ந்தவர்கள்தான் முதலில் ஆரம்பித்தார்கள். அவர்களில் சிலர் செத்துப்போனார்கள். நான் எவன் சாவுக்கும் போகவில்லை.

எனக்கு ஊர் மேல் இருந்த கோபத்தைவிட அவன் மேல் இருந்த கோபம்தான் பெரிது. அவன் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. "நான் விக்கலடா" என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. நான் கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். "சொல்றவன் சொல்லிட்டுப் போறான், உனக்கென்னா" என்பான். ஒருவேளை எனக்காக நிஜமாகவே விட்டுக்கொடுத்துவிட்டானோ என்று எனக்கே சந்தேகம் வந்த நாட்கள் உண்டு. அந்தச் சந்தேகத்துக்காக என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஆனால் பொங்கல் சீர் ஒரு வருடமும் தவறியதில்லை. தோப்புக்குள் மட்டும் கால் வைக்கமாட்டான். கரும்பும் மஞ்சள் கொத்தும் சேலையும் எடுத்துக்கொண்டு பாலத்தின் நடுவில் வந்து நிற்பான். நான் போய் வாங்கிக்கொள்வேன். பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டு போக, அங்கேயே நின்று நல்லது கெட்டது பேசுவோம். மில் மூடி, அவன் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் ஆகி, அதிலிருந்தும் ஓய்ந்து உட்கார்ந்த பிறகும் அந்த இடம் மாறவில்லை.

போன வருடம் இரண்டு பக்கத்துப் பையன்களும் சேர்ந்து ஒரு விழா ஏற்பாடு செய்தார்கள். பழைய வீரர்களுக்குப் பாராட்டாம். பழைய மைதானம் இப்போது கார் நிறுத்தும் இடம். அதனால் புதிதாக வந்திருக்கும் டர்ஃபில் பந்தல். பச்சைப் பிளாஸ்டிக் புல்லில் ஷாமியானா. பகை எல்லாம் போயாச்சு, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று வாட்ஸ்அப்பில் பூ போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் அண்ணனை எவனும் கூப்பிடவில்லை. அவ்வளவு பெரிய குடும்பத்தில் அவனுக்கு மட்டும் இடம் இல்லை.

விழாவில் போட்டுக் காட்ட அந்த கோலை வீடியோ எடுக்க வேண்டும் என்று இரண்டு பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அவர் அந்த கோலை உட்கார்ந்த இடத்திலிருந்துதான் சொல்லியிருக்கிறார். எழுந்து நின்று செய்து காட்டியதே இல்லை. பந்தை யார் போடுவது என்று பார்த்துவிட்டு ஒரு பையன் என்னிடம் நீட்டினான்.

"அம்மா, நீங்க தூக்கிப் போடுங்க. ஐயா தலையில முட்டுவாரு."

போட்டேன். அந்த வயதுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு துள்ளினார். அவருடைய வலது கை தானாக எழுந்தது. விரல் நுனியால் பந்தைத் தட்டியது. அதற்குப் பிறகுதான் தலை வந்தது. பந்து திசை மாறிப் போய் டிவி ஸ்டாண்டில் மோதியது.

பையன்கள் போனையே பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நான் கோலியின் தங்கை. எனக்குக் கை எது, தலை எது என்று தெரியும்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்தினேன்.

"கைய எதுக்குய்யா தூக்குன?"

"எந்தக் கைய?"

"அன்னைக்கும் கையாலதான தட்டுன?"

அவர் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"ரெஃப்ரி பாக்கல. எவனும் பாக்கல. நானா போயி சொல்ல முடியும்?"

"எங்க அண்ணன் கதவுல வளையல் கட்டுனப்ப சொல்லியிருக்கலாம்."

"தோள்ல தூக்கி வச்சிட்டாங்களே."

அந்தத் தோளிலிருந்து இந்த மனிதர் இன்னும் இறங்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. எத்தனை பொங்கல், எத்தனை சீர்! நான் பாலத்துக்குப் போய் வாங்கி வந்த கரும்பை உட்கார்ந்து கடித்துத் தின்றவர். மேடையில் ஏறி மைக்கில் இதைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அதே மேடையில் ஏறி நான் சொல்வேன் என்றேன். செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லாமல் விழாவுக்கு மட்டும் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றான். "ஒரே ஒரு தடவ எனக்காக வாண்ணே" என்று அழுதேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, பந்தலின் கடைசியில், நாற்காலி அடுக்கியிருந்த இடத்தில் நின்றான். பக்கத்தில் நான் நின்றேன்.

என் வீட்டுக்காரருக்குப் பொன்னாடை போட்டார்கள். மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லிவிட்டார்.

"அந்த கோல் நான் தலையால அடிச்சது இல்ல. கையால தட்டுனது. எங்க மச்சான் விக்கல."

இந்த இடத்தில் பந்தல் அமைதியாகும், பேட்டைக்காரர்கள் எழுந்து வந்து என் அண்ணனின் கையைப் பிடிப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இவ்வளவு காலம் இவர்களோடு இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. தோப்புப் பக்கம் விசில் பறந்தது. பேட்டைப் பக்கமும் சிரித்தார்கள். "மாமா, சரியான ஆளு மாமா நீ" என்று பேட்டை கிளப்பின் இப்போதைய தலைவன் மேடையில் ஏறி அவரைக் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுத்தான். கையை எப்படித் தூக்கினீர்கள் என்று கேட்டு, இன்னொரு தடவை செய்யச் சொன்னார்கள். அவரும் செய்தார். இந்தத் தடவை கையை நன்றாகவே தூக்கினார்.

என் அண்ணனிடம் வந்தது ஒரே ஒருவன்தான். பேட்டைப் பையன், நல்ல பையன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் கேட்டான்.

"பாவம் பெரியப்பா நீங்க. கண்ணு முன்னாடியே கையால தட்டியிருக்காரு, உங்களுக்குத் தெரியலையா?"

 நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அண்ணன் பந்தலைவிட்டுப் போயிருந்தான்.

மறுநாள் காலை பாலத்தைத் தாண்டி அவன் வீட்டுக்குப் போனேன். வாசற்படியிலேயே நின்றான், உள்ளே வா என்று சொல்லவில்லை. நான்தான் ஆரம்பித்தேன்.

"இனிமே எவனும் உன்ன வித்தவன்னு சொல்ல முடியாதுண்ணே."

"எவன் கேட்டான் உன்ன?"

"என்னாண்ணே இப்பிடிச் சொல்ற? பொய்ப் பேரு போச்சில்ல?"

"வித்தான்னா என்னா அர்த்தம்? புடிக்கத் தெரிஞ்சவன், வேணும்னே விட்டான்னு அர்த்தம்." அவன் குரல் உயரவே இல்லை. "இத்தினி வருஷமா எவனாவது எனக்குப் புடிக்கத் தெரியலன்னு சொன்னானா? திட்டுனவன்கூட சொல்லல. அந்தப் பந்து ஏன் கைக்கு வரலன்னு எனக்கே தெரியாது. தெரியாமலே இருந்துட்டுப் போயிருப்பேன். நேத்திக்கு உன் புருஷன மைக் புடிக்க வச்சி, மூக்குக்கு முன்னாடி வந்த கையக்கூடப் பாக்காத கோலின்னு ஊரக் கூட்டிக் காட்டிட்ட."

 ஏன் மறுக்கவே இல்லை என்று அவனோடு ஓயாமல் சண்டை போட்டேனே, அதற்கான பதில் அந்த வாசற்படியில் கிடைத்துவிட்டது. இனி அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவன் கதவைச் சாத்திக்கொண்டான். பக்கத்து வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் போனில் அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனசு லேசாகிவிட்டதாம். பசிக்கிறது என்றார். தட்டை அவருக்கு முன்னால் வைத்தேன், சோறு போடவில்லை.

பொங்கலன்று கரும்பு, மஞ்சள், சேலை எல்லாம் வழக்கம்போலவே வந்தன. பாலத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தது அண்ணனின் மருமகள்.

"மாமா எங்கம்மா?" என்றேன்.

"வீட்லதான் இருக்காரு அத்த. கூப்பிட்டேன், வரலன்னுட்டாரு."